பௌர்ணமி நாளில் யோகாசனம்: ஓய்வு வேறு, அச்சம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பௌர்ணமியன்று யோகாசனம் செய்தால் மூட்டுகளும் தசைகளும் எளிதில் காயப்படும் என்றும், சந்திரன் கடல்நீரை ஈர்ப்பதுபோல் நம் உடலில் உள்ள நீரையும் ஈர்ப்பதே அதற்குக் காரணம் என்றும் பயிற்சிக் கூடங்களிலும் பத்திரிகைகளின் ஆரோக்கியப் பக்கங்களிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. பல ஆண்டுகளாக யோகம் கற்பித்து வரும் எனக்கு இக்கருத்து கவலை அளிப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பௌர்ணமி, அமாவாசை ஆகிய இரு நாட்களிலும் பயிற்சிக்கு விடுமுறை விடும் வழக்கம் இன்று பல நாடுகளில் பரவியிருப்பதற்கு முதன்மைக் காரணம், மைசூரில் பட்டாபி ஜோயிஸ் (1915–2009) கற்பித்த அஷ்டாங்க வின்யாச முறையாகும். வேத பாடங்களுக்குக் குறிப்பிட்ட திதிகளில் விடுமுறை விடும் பழைய மரபிலிருந்தே இது வந்திருக்க வேண்டும் என்று அவர் வழியில் வந்தவர்கள் சிலர் கருதுகின்றனர். அம்முறையைப் பின்பற்றுவோர் வாரத்தில் ஆறு நாட்கள் விடியற்காலையில் கடினமான ஆசனத் தொடர்களைச் செய்பவர்கள். அத்தகையோருக்கு மாதத்தில் மேலும் இரண்டு நாள் ஓய்வு கிடைப்பது நன்மையே. அவ்வழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால், வாரத்தில் மூன்று நாள் அரைமணி நேரம் எளிய ஆசனங்கள் செய்பவரிடமும், முதுகுவலிக்காக மருத்துவர் சொன்ன பயிற்சியைச் செய்பவரிடமும் அதே விதியைக் காயம்பற்றிய எச்சரிக்கையாக மாற்றிச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

பழைய நூல்கள் காலத்தைப் பற்றிப் பேசவே இல்லை என்று நான் கூற வரவில்லை. வசந்த காலத்திலும் சரத் காலம் எனப்படும் கூதிர்காலத்திலும் யோகத்தைத் தொடங்குமாறு கேரண்ட சம்ஹிதை கூறுகிறது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் சந்திர யோகம் என்றே ஒரு பகுதி உண்டு. வியாழக்கிழமையில் மூச்சு வளர்பிறையானால் இடப்பக்கமும் தேய்பிறையானால் வலப்பக்கமும் ஓட வேண்டும் என்று, கிழமைதோறும் மூச்சின் ஓட்டத்தைக் கூறும் அந்நூலின் வாரசரப் பகுதி வகுக்கிறது. இவையெல்லாம் மூச்சையும் அகத்தே உணரப்படும் சந்திர கலையையும் பற்றிய நுட்பமான சாதனைகள். இவற்றைத் தசைப்பிடிப்புக்கும் மூட்டுவலிக்கும் சான்றாகக் காட்டுவது அந்நூல்களுக்கே நாம் செய்யும் அநீதியாகும். மேலும், யோகத்தைக் கெடுக்கும் ஆறு குற்றங்களை எண்ணிச் சொல்லும் ஹடயோகப் பிரதீபிகை, மிகுதியாக உண்பதோடும் வீண்பேச்சோடும், விதிகளை விடாப்பிடியாகப் பற்றிக்கொள்வதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

உடலில் உள்ள நீரைப் பற்றிய வாதத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் அறிவியல் போலத் தோற்றமளிப்பதால் படித்தவர்களும் அதை எளிதில் நம்பிவிடுகின்றனர். கடலில் ஓதம், அதாவது நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம், உண்டாவதற்குக் காரணம், பூமியின் ஒரு பக்கத்தில் சந்திரனின் ஈர்ப்பு சற்றுக் கூடுதலாகவும் மறுபக்கத்தில் சற்றுக் குறைவாகவும் இருப்பதுதான். பூமியின் குறுக்களவு ஏறத்தாழ 12,700 கிலோமீட்டர் என்பதால் அந்த வேறுபாடு கடலில் புலப்படுகிறது. ஒரு குளத்திலோ கிணற்றிலோ அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நிற்கும் மனிதரின் தலைக்கும் பாதத்துக்கும் இடையே சந்திர ஈர்ப்பில் ஏற்படும் வேறுபாடு, புவியீர்ப்பு விசையில் 10 லட்சம் கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அதுமட்டுமன்று, பௌர்ணமியில் உடல் துள்ளலும் அமாவாசையில் சோர்வும் ஏற்படும் என்பது இந்நம்பிக்கையின் இன்னொரு கூறு. ஆனால் கடலின் ஓதம் அவ்விரு நாட்களிலும் ஒரே தன்மையில்தான் பெருகுகிறது. ஒரே விசை ஒரு நாளில் துள்ளலையும் மற்றொரு நாளில் சோர்வையும் எவ்வாறு தரும் என்பதற்கு இவ்வாதத்தில் விடை இல்லை.

உறக்கம்பற்றிய ஆய்வுகளை மட்டும் நான் அவ்வளவு எளிதில் ஒதுக்கமாட்டேன். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 33 பேரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் உறக்கம் சுமார் 20 நிமிடம் குறைந்தது தெரியவந்தது. அடுத்த ஆண்டே 470 பேரின் உறக்கத் தரவுகளை ஆராய்ந்த ஜெர்மானிய ஆய்வாளர்கள் அத்தகைய தொடர்பைக் காணவில்லை. பின்னர் 2021இல், அர்ஜென்டினாவின் பழங்குடிச் சமூகங்களில் பௌர்ணமிக்கு முந்தைய இரவுகளில் மக்கள் தாமதமாகவும் குறைவாகவும் உறங்குவதாக மற்றோர் ஆய்வு கூறியது. இரவில் சரியாக உறங்காதவர் மறுநாள் காலையில் கடினமான ஆசனங்களைத் தவிர்ப்பது அறிவுடைமைதான். அதற்கு அவர் தம் உடலைக் கேட்டறிந்தால் போதும். நாட்காட்டியைப் பார்க்க வேண்டியதில்லை.

உண்மையான தீங்கு இரண்டு இடங்களில் நிகழ்கிறது. முதலாவதாக, பௌர்ணமியன்று முழங்கால் வலித்தால் திதியின்மேல் பழியைப் போட்டுவிட்டு, இடுப்பு மூட்டு போதிய அளவு திரும்பாத நிலையில் பத்மாசனத்துக்காகக் காலை வலிந்து மடக்கியதை ஆசிரியரும் மாணவரும் ஆராயாமல் விட்டுவிடுகின்றனர். அடுத்த நாள் அதே தவறு தொடர்கிறது. இரண்டாவது இதைவிடக் கடுமையானது. பௌர்ணமி இரவில் சாதனையின் பலன் பன்மடங்காகும் என்று சொல்லி, புதியவர்களையும் இரவு முழுவதும் விழித்திருந்து தியானமும், மூச்சை உள்ளே அடக்கி நிறுத்தும் நீண்ட கும்பகமும் செய்யத் தூண்டுகின்றனர். பைபோலார் எனப்படும் இருமுனை மனநிலைக் கோளாறு உள்ளவர்களுக்கு ஓரிரவு உறக்கம் கெடுவதே நோய் கிளர்ந்தெழக் காரணமாகலாம் என்பதை மனநல மருத்துவர்கள் நன்கு அறிவர். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை நீண்ட நேரம் அடக்கக்கூடாது என்பது தேர்ந்த யோக ஆசிரியர்கள் முதலில் சொல்லும் பாடங்களில் ஒன்று. சிங்கத்தையும் யானையையும் புலியையும் பழக்குவதுபோல் பிராணனைப் படிப்படியாகத்தான் வசப்படுத்த வேண்டும், தவறினால் அது சாதகனையே அழித்துவிடும் என்று ஹடயோகப் பிரதீபிகையும் எச்சரிக்கிறது. அவ்வெச்சரிக்கை எல்லா இரவுகளுக்கும் உரியது.

எனவே, பௌர்ணமியையும் யோகத்தையும் இணைத்துக் குறிப்புகள் வெளியிடும்போது, எது மரபுவழி வந்த வழக்கம், எது ஆய்வில் கண்டறியப்பட்டது என்பதைப் பிரித்துக் காட்டுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இரவு முழுவதும் நடைபெறும் பயிற்சிகளைப் பற்றிய செய்திகளில், மனநலச் சிகிச்சையிலோ ரத்த அழுத்தத்துக்கான சிகிச்சையிலோ இருப்பவர்கள் தம் மருத்துவரைக் கேட்ட பின்னரே கலந்துகொள்ள வேண்டும் என்ற ஒரு வரியையேனும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
யோகம் கற்பிக்கும் வாசகர் ஒருவர்