திருகோணமலையில் ஒரு வார இறுதி எயார் ரைபிள் வகுப்பு வேண்டும்: ஒரு திறந்த மடல்

துப்பாக்கி சுடும் விளையாட்டை இலங்கையில் நடத்தும் தேசிய அமைப்பின் பொறுப்பாளர்களுக்கும், கிழக்கு மாகாண விளையாட்டுத் திணைக்கள அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் திருகோணமலையில் உடற்கல்வி படிப்பிக்கிற ஆசிரியை. துப்பாக்கியை ஒருநாளும் தொட்டுப் பார்க்காத பிள்ளைகளும் அவர்களுடைய தாய் தகப்பனும் சேர்ந்து வரக்கூடிய இரண்டு நாள் எயார் ரைபிள் (காற்றுத் துப்பாக்கி) வகுப்பு ஒன்றை எங்கள் ஊரில் நடத்தித் தாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். அது எப்படி நடந்தால் எங்கள் சனம் வரும், எப்படி நடந்தால் வாசலுக்கே வராது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் கேட்டால் கேட்டதில் பயனில்லை.

எங்கள் பாடசாலைகளில் விளையாட்டு என்றால் உதைபந்து, வலைப்பந்து, கரப்பந்து, பிறகு மெய்வல்லுநர் போட்டி. வேகமாக ஓடுகிற பிள்ளைக்கும் உயரமான பிள்ளைக்கும் இடம் கிடைக்கும். இல்ல விளையாட்டுப் போட்டி முடியும்வரை கொட்டிலுக்குள் இருந்து கை தட்டுகிற பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களில் சிலரை நான் கவனித்திருக்கிறேன். ஒரு படம் கீற உட்கார்ந்தால் மணி அடித்ததும் தெரியாமல் இருப்பார்கள். அந்தப் பொறுமைக்கு மைதானத்தில் புள்ளி இல்லை. 10 மீற்றர் எயார் ரைபிளில் இருக்கிறது.

வெடிமருந்து இல்லாத விளையாட்டு இது. அழுத்திய காற்றின் விசையில் 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டு போகிறது. 10 மீற்றர் தூரத்தில் உள்ள இலக்கின் நடுவில் 10 புள்ளி தரும் இடம் அரை மில்லிமீற்றர் பொட்டு. பெரிய போட்டிகளில் அந்தப் பொட்டை நோக்கி 75 நிமிடத்துக்குள் 60 தடவை சுடவேண்டும். 2018 முதல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எண்ணிக்கை. இதில் உடல் பலத்தைவிட அசையாமல் நிற்பதற்குத்தான் வேலை அதிகம். ஆரம்பத்தில் படிப்பிக்கிற ஒரு விடயம் எனக்கு மிகவும் பிடிக்கும். குறியை வைத்துவிட்டுக் கண்ணை மூடி, இரண்டு மூன்று தரம் மூச்சு விட்டு, பிறகு கண்ணைத் திறக்கச் சொல்வார்கள். துப்பாக்கி இலக்கைவிட்டு விலகியிருந்தால் கையால் இழுத்துத் திருத்தக் கூடாது. பாதத்தைக் கொஞ்சம் நகர்த்தி, உடம்பையே இலக்கின் பக்கம் திருப்பவேண்டும். கையால் இழுத்து வைத்த குறி, தசை களைத்ததும் பழைய இடத்துக்கே போய்விடும். அதற்குப் பிறகுதான் மூச்சை வெளியே விட்டு அந்தச் சின்ன இடைவெளியில் துப்பாக்கியின் விசையை மெதுவாக அழுத்துவது, குண்டு போன பிறகும் அப்படியே நிற்பது எல்லாம். முதல்நாள் பிள்ளை நடுவில் அடிக்கத் தேவையில்லை. ஐந்து குண்டும் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுந்தால் அது நல்ல சுடல்; குறிகாட்டியைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் தங்கம் வென்றது இதே எயார் ரைபிளில்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகத் தெஹானி எகொடவெல நின்றதும் இதே போட்டியில். கொழும்புப் பாடசாலைகள் சிலவற்றில் இது பல காலமாக இருக்கிறது. எங்கள் மூதூர்ப் பிள்ளைக்கும் சம்பூர்ப் பிள்ளைக்கும் இப்படி ஒரு விளையாட்டு இருப்பதே தெரியாது. பாராலிம்பிக்கில் 1976 முதல் துப்பாக்கி சுடுதல் உண்டு, சக்கர நாற்காலியில் இருந்தும் சுடலாம். போரில் காலை இழந்தவர்கள் வாழ்கிற மாவட்டத்தில் இதை ஒருவரும் வந்து சொல்லவில்லை என்பது எனக்குப் பெரிய மனவருத்தம்.

சரி, இனிக் கடினமான பகுதி.

2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த பாதுகாப்புத் தரப்பினர் 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். இந்த ஊரில் பிள்ளை வளர்க்கிற எவருக்கும் இது பழைய செய்தி ஆகவில்லை. படிக்கிற வயதுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கையில் ஆயுதம் கொடுத்த காலத்தையும் எங்கள் தாய்மார் கண்டிருக்கிறார்கள். இன்றைக்கும் கோணேசர் கோயிலுக்குப் போகிற பாதை பிரெட்றிக் கோட்டைக்குள்ளால்தான் போகிறது, கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. பூசைத் தட்டோடு போகிற பிள்ளை மானையும் பார்க்கிறது, துப்பாக்கியோடு நிற்பவரையும் பார்க்கிறது.

அப்படிப்பட்ட ஊருக்கு ஏன் டீச்சர் இது என்று சில தாய்மார் என்னிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வேண்டாம் என்கிற வீட்டை வற்புறுத்துகிற எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. ஆனால் பயம் இருக்கிறது என்பதற்காக நாட்டின் அணிக்குப் போகிற ஒரு வழி எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் மூடிக் கிடக்கவும் கூடாது. அந்தப் பயத்தை மதித்து வகுப்பை அமைக்கிற பொறுப்பு உங்களுடையது.

ஆகவே, வகுப்பு எந்தப் படை முகாமிலும் நடக்கவேண்டாம். முகாமில் வசதி இருக்கும், சுடுதளம் ஆயத்தமாக இருக்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் வேண்டாம். 10 மீற்றர் நீளத்துக்கு மேல் உள்ள ஒரு மண்டபம், குண்டைத் தாங்கிப் பிடிக்கிற பெட்டிகள், பின்னால் ஆள் நடமாட்டமில்லாத சுவர், ஒரே ஒரு வாசல், இவை போதும். பயிற்றுநர்கள் படையில் இருப்பவர்களாக இருந்தால், அந்த இரண்டு நாளும் சீருடை இல்லாமல் வரட்டும். அவர்களுடைய திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. பிள்ளையின் தோளைப் பிடித்துத் திருத்தப்போகிறவரைப் பார்த்துத் தாய் நடுங்கக் கூடாது, அவ்வளவுதான்.

பெயர்ப் பட்டியல் பற்றியும் சொல்லவேண்டும். பதிவுப் படிவத்தில் எழுதுகிற பெயரும் விலாசமும் யாரிடம் இருக்கும், வேறு எவருக்குக் கொடுக்கப்படும், எப்போது அழிக்கப்படும் என்பதைத் தமிழில் எழுதி, கையொப்பம் வைத்து, முதலே தாருங்கள். வெளியூர்க்காரருக்கு இது சின்ன விடயமாகத் தெரியலாம். இங்கே பத்தில் ஒன்பது வீட்டுக்காரர் முதலில் கேட்கப்போவது இதைத்தான் என்பது என் எண்ணம்.

அப்புறம் மொழி. சுடுதளத்தில் 'நிறுத்து' என்றால் அந்தக் கணமே விசையிலிருந்து விரல் எடுபடவேண்டும். பக்கத்தில் நிற்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்து விளங்கிக்கொள்ள அங்கே நேரமில்லை. கட்டளைகள் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லப்படட்டும். கந்தளாய்ப் பிள்ளையும் கிண்ணியாப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கப்போகிறார்கள். துப்பாக்கியின் வாய் எப்போதும் இலக்கின் பக்கம், சுடும்வரை விரல் வெளியே, குண்டு இல்லை என்று காட்டும் நிற வடம் குழாய்க்குள், குண்டைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பாட்டைத் தொடக்கூடாது: இவற்றைப் பிள்ளை தன் மொழியில் திருப்பிச் சொன்ன பிறகுதான் துப்பாக்கி கைக்கு வரவேண்டும்.

அமெரிக்காவில் ஆப்பிள்சீட் என்ற பெயரில் இப்படி வார இறுதி வகுப்புகள் நடக்கின்றன. குடும்பமாக வருகிறார்கள், சிறிதாக்கிய இலக்குகளை 25 மீற்றரில் வைத்து, படுத்தும் இருந்தும் நின்றும் சுடப் பழக்குகிறார்கள். இடையில் 1775 ஏப்ரல் 19இல் தங்கள் விடுதலைப் போர் தொடங்கிய கதையையும் சொல்கிறார்கள். தாய், தகப்பன், பிள்ளை மூவரும் ஒரே வரிசையில் ஒன்றும் தெரியாதவர்களாகத் தொடங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது; அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியோடு சேர்த்துப் போர்க் கதை சொல்வது எங்களுக்கு வேண்டாம். அவர்களுக்கு அது பெருமை. எங்கள் மண்டபத்தில் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப்பேருக்கு அது சாவீடு.

தாய்மார் விரும்பினால் முதல் குண்டு அவர்களுடையதாக இருக்கட்டும். துப்பாக்கியை ஒரு தாங்கியில் வைத்தே சுடலாம், முழுப் பாரத்தையும் தாங்கத் தேவையில்லை. சின்னப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான், போட்டித் துப்பாக்கி 5.5 கிலோ வரைக்கும் பாரம் இருக்கும்.

காலம் மாசி, பங்குனி நல்லது. ஐப்பசி தொடங்கினால் மழை, கச்சான் என்கிற சூட்டுக் காற்று அடிக்கிற மாதங்களில் மண்டபத்துக்குள் நிற்கமுடியாது. நோன்பு மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை அறநெறி வகுப்பும் பூசையும் இருப்பதால் பத்தரைக்குப் பிறகு தொடங்கலாம். சனிக்கிழமை ரியூசனோடு மோதத்தான் செய்யும், அதைப் பெற்றோரோடு நாங்கள் பேசுகிறோம்.

துப்பாக்கிகள் உங்கள் பொறுப்பில் பூட்டிய பெட்டியில் வந்து, எண்ணி எடுக்கப்பட்டு, எண்ணி வைக்கப்பட்டு, அதே பெட்டியில் திரும்பவேண்டும். ஒரு இரவுகூட எந்த வீட்டிலும் தங்கக் கூடாது. பொலிசுக்கு அறிவிப்பதும் அனுமதி எடுப்பதும் உங்கள் பெயரில் நடக்கட்டும், எந்தப் பெற்றோரின் பெயரிலும் வேண்டாம்.

முதல் தடவைக்கு 20 குடும்பங்கள் போதும். மண்டபம் தேடுவதையும் வீடு வீடாகப் போய் விளக்குவதையும் நானும் என்னோடு வேலை செய்கிற சில ஆசிரியர்களும் ஏற்றுக்கொள்கிறோம். துப்பாக்கிகளையும், தமிழில் படிப்பிக்கக்கூடிய ஒரு பயிற்றுநரையாவது நீங்கள் தாருங்கள். மார்கழி விடுமுறைக்கு முன் பதில் அனுப்பினால், தை மாதத்திலேயே பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசத் தொடங்கிவிடுவோம்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஓர் உடற்கல்வி ஆசிரியை