இன்னொருவர் கட்டிய காரை வாங்கி வருபவருக்காக, உங்களுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

பழைய கார் ஒன்றை வாங்கியவர் உங்களிடம் ஒரு வரிதான் கேட்டார்: "செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் பிடிக்குது, சாவியை விட்டதும் நின்னுடுது." நீங்களும் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள்: "மேனுவலைப் படிச்சுட்டு வாங்க." அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. உங்கள் வேலைமேல் எனக்கு இருக்கும் மரியாதையால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வண்டிக்கு மேனுவல் கிடையாது அண்ணா. கம்பெனி அச்சிட்ட புத்தகம் கம்பெனியிலிருந்து வந்த காருக்கு. இவர் வாங்கியதோ, வேறொருவர் அக்கக்காகப் பிரித்து, வேறு எஞ்சின் ஏற்றி, கையில் கிடைத்த நிறத்தில் வயர் இழுத்து முடித்த வண்டி. அதில் என்ன மாறியது என்பது கட்டியவருக்குத்தான் தெரியும்; அது வண்டியோடு கைமாறவில்லை.

எட்டு சிலிண்டர் கொண்ட ஃபோர்டு 302 எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய புத்தகத்தில் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-5-4-2-6-3-7-8. கட்டியவர் அதே எஞ்சினின் 5.0 எச்.ஓ. ரகத்துக் கேம்ஷாஃப்டை (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்டிருந்தால் அது 1-3-7-2-6-5-4-8 ஆகிவிடும். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. புதியவர் புத்தகத்தைப் பார்த்து பிளக் வயரைச் சரியாகத்தான் மாட்டுவார். 1, 2, 6, 8 இடம் பொருந்திவிடும். 3, 4, 5, 7 தப்பான நேரத்தில் எரியும். எஞ்சின் குலுங்கும், கார்புரேட்டர் வழியாக வெடிக்கும். "வயர் மாட்டக்கூடத் தெரியல" என்று சொல்வது எளிது. அவரோ புத்தகம் சொன்னதை அப்படியே செய்திருக்கிறார்.

இதைக் கண்டுபிடிக்க எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. எல்லா பிளக்கையும் கழற்றச் சொல்லுங்கள். ஒன்றாம் சிலிண்டரின் பிஸ்டனைக் கம்ப்ரஷனில், அதாவது காற்றை அழுத்தும் சுற்றில், மேலே கொண்டுவந்துவிட்டு, 3, 5 இரண்டின் பிளக் துளையிலும் விரல் வைத்துக்கொண்டு, எஞ்சினை ஓடும் திசையிலேயே கையால் கால் சுற்று திருப்ப வேண்டும். காற்று 5-இல் தள்ளினால் பழைய கேம். 3-இல் தள்ளினால் எச்.ஓ. முதல் நாள் ஸ்பேனர் பிடிப்பவரும் துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு செய்துவிடலாம்.

இப்போது அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பாயிண்ட் (காயிலின் கரண்டை விட்டுவிட்டு வெட்டும் சிறு சுவிட்ச்) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர், பிளக்குக்குப் பொறி தரும் காயிலுக்கு முன்னால் வோல்டேஜைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் என்றால், செல்ஃப் அடிக்கும்போது ரெசிஸ்டரைத் தாண்டி முழு பேட்டரி வோல்டேஜும் காயிலுக்குப் போகும். சாவியை விட்டதும் ரெசிஸ்டர் வழியாகத்தான் போக வேண்டும். அது அறுந்திருந்தால் அந்த நொடியே எஞ்சின் நிற்கும். இக்னிஷன் சுவிட்சில் எஞ்சின் ஓடும்போது கரண்ட் தரும் ரன் முனையோ, அதிலிருந்து வரும் வயரோ விட்டுப்போயிருந்தாலும் இதே கதைதான்.

காயிலின் பிளஸ் முனையில் அளக்கச் சொன்னால் காலையில் 12 வோல்ட் என்பார், மாலையில் 7 என்பார். உங்களுக்குக் கோபம் வரும். ஆனால் இரண்டுமே உண்மை. எஞ்சின் நின்றபோது பாயிண்ட் திறந்திருந்தால் கரண்ட் ஓடாது, மீட்டர் 12 காட்டும். மூடியிருந்தால் 6 முதல் 9 வரை காட்டும். "பாயிண்ட் மூடியிருந்ததா?" என்று கேட்டால் போதும். மூடிய நிலையில் சாவியை ஆன் செய்து வெகுநேரம் விட்டால் காயில் சூடேறிக் கெட்டுவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இரு நிலையிலும் பூஜ்யம் என்றால், ரெசிஸ்டரின் சாவிப் பக்கத்து முனையை அளக்கட்டும். அங்கே 12 இருந்தால் ரெசிஸ்டர் போய்விட்டது. அங்கேயும் இல்லையென்றால் கோளாறு சாவிப் பக்கம்.

ரெசிஸ்டரே கண்ணில் படவில்லை என்று அவர் சொன்னாலும் பொறுமை வேண்டும். கட்டியவர் பாயிண்டைக் கழற்றிவிட்டு, அதே வேலையைச் செய்யும் எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டிருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வயர் நிறத்தை வைத்துப் பேசுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பழைய பிரிட்டிஷ் கார்களின் லூகாஸ் வயரிங்கில் பிரவுனில் எப்போதும் கரண்ட் இருக்கும், கறுப்பு எர்த், அதாவது பாடியோடு சேரும் வயர். ஆனால் கட்டியவரிடம் பிரவுன் தீர்ந்துபோயிருந்தால் கறுப்பிலும் இழுத்திருப்பார். அதை எர்த் என்று நம்பி பாடியில் தொடவைத்தால் புகைதான். அந்தக் கார்களில் பல பாசிட்டிவ் எர்த் வேறு, பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடிக்குப் போகும். அதனால் முதல் கேள்வி, பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்பதாக இருக்கட்டும்.

"என்ன கோளாறுன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டால் ஊகம்தான் வரும். "என்ன பார்த்தீங்க, கடைசியா எதைக் கழற்றினீங்க?" என்று கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கார்புரேட்டரும் டைமிங்கும் (பொறி விழும் நேரம்) ஒரே மாலையில் திருகப்பட்டால் உங்களாலும் எதையும் பிரித்தறிய முடியாது.

ஒரு விஷயத்தில் பொறுமை தேவையில்லை. பெட்ரோல் கசிகிறது, பிரேக் பெடல் தரைவரை போகிறது என்று அவர் போகிறபோக்கில் சொன்னால், மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கடுமையாகச் சொன்னாலும் சரி.

கோளாறு தீர்ந்ததும் இன்னொரு வேலை இருக்கிறது. ஃபயரிங் ஆர்டர், எந்தக் கேம், ரெசிஸ்டர் உண்டா இல்லையா, எந்த எர்த் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். அந்த வண்டிக்கு முதல் மேனுவல் அதுதான்.

அன்புடன்,
உங்கள் தம்பி