விப்ரியோ வகைப்படுத்தல் அறிக்கை மீது புகார்

அனுப்புநர்: இறால் பண்ணையாளர், தொண்டி, ராமநாதபுரம் மாவட்டம்
பெறுநர்: மேலாளர், நோய்க்கிருமிப் பரிசோதனைக் கூடம்

ஐயா,

தொண்டிக்குத் தெற்கே கடலோர வாய்க்காலை ஒட்டி வன்னாமெய் இறால் வளர்க்கிறேன். என் குட்டையிலும், அதே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பக்கத்துப் பண்ணையிலும் ஒரே வாரத்தில் இறால் செத்தது. தீவனம் தின்றதா என்று பார்க்க வைக்கும் செக் ட்ரேயைத் தூக்கினால் போட்ட தீவனம் அப்படியே கிடந்தது. இறாலுக்குக் குடல் வெறுமை, ஈரல் வெளிறிச் சுருங்கிப் போயிருந்தது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பேச்சு முற்றவே, இரண்டு பக்கமும் ஒரே கிருமிதானா என்று மரபணு வகைப்படுத்திப் பார்த்துவிடலாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். இரண்டு குட்டை இறாலையும் வாய்க்கால் தண்ணீரையும் ஐஸ் பெட்டியில் அனுப்பி, அதற்கான முழுக் கட்டணத்தையும் கட்டினோம்.

வந்தது ஒரு பக்க அறிக்கை. மூன்று மாதிரியிலும் 'விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ்' என்ற பாக்டீரியா. அதனால் 'நோய் ஒரே மூலம், முதல் குட்டையிலிருந்து பரவியது' என்று முடித்திருக்கிறீர்கள். அந்த முதல் குட்டை என்னுடையது. பக்கத்துப் பண்ணைக்காரர் இப்போது அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் நஷ்டஈடு கேட்கிறார்.

இந்தக் கிருமி கடலிலும் உப்பங்கழியிலும் இயல்பாகவே வாழ்வது. எங்கள் கரையில் அது இல்லாத தண்ணீரைக் காட்டினால்தான் செய்தி. இந்த மாவட்டத்தில் தெருவுக்கு நாலு முனியசாமி உண்டு; பெயர் ஒன்று என்பதற்காக எல்லாரும் ஒரே ஆள் ஆகிவிடுவார்களா? போனில் கேட்டதற்கு உங்கள் ஊழியர், "டிஎல்ஹெச் ஜீன் மூன்றிலும் பாசிட்டிவ், அப்புறம் என்ன சந்தேகம்?" என்றார். அந்த ஜீன் இந்த இனத்துக்கே பொதுவானது. இனத்தை உறுதிசெய்யத்தான் உதவும், இனத்துக்குள் இருக்கும் ரகத்தைப் பிரிக்காது.

ரகத்தைப் பிரிக்கப் பல முறைகள் உண்டு. ஏழு அடிப்படை ஜீன்களின் வரிசையைப் படித்து ரக எண் தருவது ஒன்று. டிஎன்ஏவை நொதியால் வெட்டி, திசை மாற்றும் மின்புலத்தில் ஓடவிட்டு, துண்டுகள் விழும் பட்டைகளை ஒப்பிடுவது இன்னொன்று. முழு மரபணுத்தொகுதியையும் படித்தால் இன்னும் நுணுக்கமாகத் தெரியும். 1996இல் கொல்கத்தாவில் வயிற்றுப்போக்கு நோயாளிகளிடம் பெருகிய, இதே இனத்தின் ஓ3:கே6 என்ற வகைக் கிருமியும், பிறகு வேறு நாடுகளில் கிடைத்ததும் ஒரே வழி வந்தவை என்று தெரிந்தது இப்படி மரபணுவை ஒப்பிட்டுத்தான். உங்கள் அறிக்கையில் ரக எண்ணும் இல்லை, பட்டைப் படமும் இல்லை.

சரி, ஒரே ரகம் என்றே வந்திருந்தாலும் 'முதல் குட்டையிலிருந்து' என்று எப்படி எழுதினீர்கள்? இருவருக்குமே வாய்க்காலிலிருந்து வந்திருக்கலாமே! எந்தத் திசையில் பரவியது என்பதை ரக எண் மட்டும் சொல்லாது. எந்தக் குட்டையில் முதலில் செத்தது, யார் எப்போது தண்ணீர் திறந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். அதை என்னிடமும் கேட்கவில்லை, அவரிடமும் கேட்கவில்லை.

வளர்ப்புத் தட்டில் வளர்ந்த பச்சைக் காலனிகளில் (கிருமித் திட்டுகளில்) மாதிரிக்கு ஒன்றைத்தான் எடுத்ததாகவும் அறிகிறேன். ஒரே குட்டையில் பல ரகம் இருக்கலாம் என்பதால், மற்றக் காலனிகளின் கிருமிகளையும் உறைநிலையில் வைத்திருந்தால் மாதிரிக்குப் பல காலனி எடுத்து, கட்டணம் இல்லாமல் ஏழு ஜீன் முறையில் மறுபடி செய்து தாருங்கள். கிருமிகளைத் தூக்கி எறிந்துவிட்டீர்கள் என்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். எப்படியானாலும் 'முதல் குட்டையிலிருந்து பரவியது' என்ற வரியை நீக்கிய திருத்த அறிக்கை 15 நாளுக்குள் எங்கள் இருவருக்குமே வந்து சேர வேண்டும். வராவிட்டால் ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன்.

இப்படிக்கு,
தொண்டி இறால் பண்ணையாளர்