ஆற்றையும் அளந்து சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாரி தொடங்கினால் உங்கள் பத்திரிகையில் குளத்துச் செய்தி வராத நாள் இல்லை. உன்னிச்சை இத்தனை அடி, உறுகாமம் இத்தனை அடி, நவகிரியில் வான்கதவு திறப்பு என்று வந்துகொண்டே இருக்கும். வயல் செய்கிற எங்களுக்கு அது தேவையான செய்திதான். ஆனால் ஆறு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி கூட இருப்பதில்லை. மட்டக்களப்பின் சித்தாண்டியில் பிறந்து வளர்ந்து, எங்கள் முந்தனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேளாண்மை செய்கிறவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்குள் வருகிற வெள்ளம் பல தடவை எங்கள் ஊர் மழையில் வருவதில்லை. இங்கே வெயில் எறித்துக்கொண்டிருக்கும். முதல்நாள் இரவு ஆற்றுக்கு மேலே மகா ஓயாப் பக்கம் கொட்டியிருக்கும். காலையில் கரைக்குப் போய்ப் பார்த்தால் தண்ணீர் செம்மண் நிறத்தில், சருகும் நுரையுமாக இறங்கும். மருத மரத்து வேர் மூழ்கிவிட்டால் அன்று தோணியில் அக்கரைக்குப் போகக் கூடாது என்பது அப்பா சொல்லித்தந்த கணக்கு. எங்களுக்கு இருக்கிற முன்னெச்சரிக்கை இன்னும் அந்த வேர்தான்.

முந்தனை ஆற்றின் நீரேந்து பரப்பு சுமார் 1,280 சதுர கிலோமீற்றர். ஒரு சதுர கிலோமீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தாலே 10 லட்சம் லீற்றர் தண்ணீர். பரப்பு முழுவதும் 100 மில்லிமீற்றர் பெய்தால் 12,800 கோடி லீற்றர். அதில் எவ்வளவு ஆற்றுக்கு வருகிறது என்பதுதான் கேள்வி, அதை மழைமானி சொல்லாது. ஒக்டோபரில் அந்த 100 மில்லிமீற்றர் பெய்தால் வெடித்துக் கிடக்கிற நிலம் குடித்துவிடும், வற்றிய குளங்கள் மிச்சத்தைப் பிடித்துவிடும், ஆறு கணுக்கால் அளவுக்குத்தான் ஏறும். அதே மழை மார்கழிக் கடைசியில் பெய்தால்? நிலம் ஊறி நிற்கிறது, குளமெல்லாம் நிரம்பி வான் பாய்கிறது, வில்லுகள் என்று நாங்கள் சொல்கிற ஆற்றோரப் பள்ளநிலங்களும் நிரம்பியிருக்கின்றன. விழுகிற தண்ணீரில் பெரும்பகுதி நேரே ஆற்றுக்கு வரும். 2011 ஜனவரியில் எங்களுக்கு நடந்தது இதுதான். அது வடியும் முன்பே பெப்ரவரியில் மறுபடி வந்தது. கதிர் தள்ளி நின்ற வேளாண்மை அழுகிப்போனது. "நூறு மில்லிமீற்றர் மழை வரும்" என்ற அறிவிப்பு ஒன்றாக இருந்தாலும் ஒக்டோபரில் அதன் பொருள் வேறு, ஜனவரியில் வேறு. இதை யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை.

மட்டக்களப்பின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களில் விழுந்துவிடுகிறது. காற்று சூடேறச் சூடேற அது பிடித்துவைக்கும் நீராவியும் கூடுகிறது, ஒரு பாகைக்கு 7 சதவீதம் அளவில். அதனால் பெய்யும்போது ஒரேயடியாகக் கொட்டுகிறது. மேலே காடு வெட்டிச் சோளம் போட்ட சரிவுகளில் அந்த மழையை நிறுத்திவைக்க எதுவும் இல்லை. கீழே வில்லுகளை மேடாக்கிக் காணி பிடித்தால், வெள்ளம் தங்கி நிற்கிற இடமும் போய்விடும்.

அம்பாறைப் பக்கம் கதை கொஞ்சம் வேறு. பட்டிப்பளை ஆறு என்று நம் முன்னோர் சொன்ன கல் ஓயாவை இங்கினியாகலையில் மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரம் 95 கோடி கன மீற்றர் வரை பிடிக்கும். அங்கே ஆற்றின் ஓட்டத்தைப் பெரும்பாலும் கதவுதான் தீர்மானிக்கிறது. ஆனாலும் அணைக்குக் கீழே விழுகிற மழைக்குக் கதவு கிடையாது. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியைக் குறுக்கறுத்துப் பாய்ந்த வெள்ளம், மதரசா மாணவர்கள் ஏறிவந்த உழவு இயந்திரத்தை அடித்துக்கொண்டு போனது. அந்தப் பிள்ளைகளை நினைக்கும்போதெல்லாம் அந்த வீதியோரத்தில் அடிக்கணக்குப் போட்ட ஒரு கம்பமாவது நின்றிருக்கக் கூடாதா என்று மனம் கிடந்து தவிக்கிறது.

சரி, இது மாரிக் கதை. கோடையில் இதே ஆற்றுக்கு வேறு முகம். எங்கள் மேட்டுநிலத்துக்கு அடியில் இருப்பது கருங்கல் பாறை. அதில் ஊற்று அதிகம் தேங்காது. மழை நின்ற சில வாரங்களிலேயே ஓட்டம் மெலிந்துவிடும். அதற்குப் பிறகு தண்ணீரைக் காத்து வைத்திருப்பது ஆற்று மணல்தான். அம்மம்மா ஆடி மாதத்தில் ஆற்றுக்குள் இறங்கி, முழங்கை ஆழத்துக்கு மணலைத் தோண்டிப் பூவல் எடுப்பார். முதலில் கலங்கல் ஊறும், அதைச் சிரட்டையால் இறைத்துக் கொட்டுவார். மூன்றாம் தடவை இறைத்தபின் அடியில் மணல் தெரிகிற அளவுக்குத் தெளிந்த நீர் வரும். ஒரு குடம் நிரப்ப அரை மணிநேரம் ஆகும், ஆனால் நாக்குக்கு அது இளநீர் மாதிரி.

இன்று அந்த இடத்தில் டிப்பர் இறங்கிய பள்ளம். மணலை அள்ளிக் களி தெரிகிறது. பூவல் தோண்ட மணல் இல்லை. கரையோரக் கிணறுகளில் தண்ணீர் இறங்குகிறது. ஆற்றின் அடி தாழ்ந்தால், வாவியிலிருந்து உப்புநீர் முன்னை விட மேலே ஏறிவரும். வீடு கட்ட மணல் வேண்டும் என்பது எனக்கும் தெரியும், என் வீடும் மணலில் கட்டியதுதான். ஆனால் ஒரு மாரி கொண்டுவருகிற மணல் எவ்வளவு, நாம் எடுக்கிறது எவ்வளவு என்று அளக்காமல் அனுமதி கொடுப்பது சரியில்லை.

நீர்ப்பாசனத் திணைக்களம் கிழக்குக்கு ஓடிவருகிற மற்ற ஆறுகளில், பதியத்தலாவையில் மாதுறு ஓயாவையும், சியம்பலாண்டுவையில் ஹெட ஓயாவையும் அளந்து, நீர்மட்டத்தை வெளியிடுகிறது. அந்த எண்களைக் குளத்து எண்களுக்குப் பக்கத்தில் தமிழில் போடுங்கள். முந்தனை ஆற்றுக்கு மேலே நேற்று எத்தனை மில்லிமீற்றர் பெய்தது என்பதையும் சேர்த்துக் கேட்டுப் போடுங்கள். எங்கள் ஊர்ச் சந்தனமடு ஆற்றுத் துறையிலும் மாவடிப்பள்ளியிலும் இரவிலும் தெரிகிற அளவுகம்பம் நட வேண்டும் என்று நீங்கள் எழுதினால், நாங்கள் பத்துப் பேர் போய்க் கேட்பதை விட அது எடுபடும்.

எங்கள் வீட்டு முன்சுவரில் 2011 வெள்ளத்துக்கு அப்பா கரியால் ஒரு கோடு போட்டார். அதன்பிறகு வந்த ஒவ்வொரு வெள்ளத்துக்கும் நான் போட்டு வருகிறேன். எந்த நாள், எத்தனை மணிக்கு ஏறியது, எத்தனை நாளில் வடிந்தது என்று ஒரு கொப்பியிலும் எழுதி வைத்திருக்கிறேன். திணைக்களத்தாருக்கோ பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கோ அது உதவும் என்றால் வந்து படி எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
சித்தாண்டி.