உழுதவன் பெயரில் நிவாரணம் எழுதுங்கள்

நிவாரணப் பட்டியல் தயாரிக்கும் வருவாய்த்துறை, வேளாண்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

டெல்டாவில் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவன் நான். சம்பா எப்படிப் போனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கணக்கெடுக்க வந்தவர்களே நீங்கள்தான். அறுப்புக்கு நின்ற பயிர் மழையில் சாய்ந்து, தண்ணீரிலேயே கிடந்து முளைத்துவிட்டது. கதிரைத் தூக்கினால் வெள்ளை வெள்ளையாக முளை தொங்கியது. டயர் மிஷின் இறங்காத சேற்றில் செயின் மிஷின் விட்டு அறுத்ததில், மிஷின் வாடகைக்கே நெல் தேறவில்லை.

நிவாரணம் வராமல் இல்லை, வந்தது. விதிப்படி இறவைப் பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கருக்குப் பார்த்தால் 7,000கூட முழுசாக இல்லை. உழவு, நடவுக்கூலி, உரத்துக்கு இது எந்த மூலைக்கு என்ற பேச்சை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். அந்தப் பணம் ஏறியது நில உரிமையாளரின் வங்கிக் கணக்கில். அவர் வெளியூரில் இருக்கிறார், நல்ல மனிதர்தான். போன் செய்து, "தம்பி, கவர்மெண்ட் பணம் ஏதோ ஏறியிருக்கு. இந்த வருஷம் நீ குத்தகை நெல் அளக்கலைல்ல, அதுல கழிச்சுக்கறேன்" என்றார். அழிந்த பயிருக்கு அரசு கொடுத்த பணம், விளையாத நெல்லுக்குக் குத்தகையாகக் கழிந்துவிட்டது. உரக்கடை பாக்கி அப்படியே நிற்கிறது.

அலுவலகத்தில் போய்க் கேட்டால், "இன்சூரன்ஸ் பண்ணியிருக்கலாமே" என்கிறார்கள். பண்ணியிருக்கலாம்தான். பிரீமியம் ஒன்றும் பெரிய தொகை இல்லை, சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம். ஆனால் அதற்கு அடங்கல், அதாவது இந்த வயலில் யார் என்ன சாகுபடி செய்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்று, வேண்டும். என் பெயரில் அடங்கல் கேட்டால், உரிமையாளர் கையெழுத்து வாங்கி வா என்பார்கள். கையெழுத்துப் போட்டால் குத்தகை பதிவாகிவிடும் என்று அவருக்குப் பயம். குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. அதைக் காட்டிக் கேட்கிறவனுக்கு அடுத்த போகம் நிலம் கிடைக்காது என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

சரி, காப்பீடு இல்லை. நிவாரணத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்றால் இடுபொருள் மானியம் (இந்த நிவாரணத்துக்கு விதியில் உள்ள பெயர்) என்பதுதான் விதி, காப்பீட்டு ரசீது கேட்கச் சொல்லி அதில் இல்லை. 2023-இல் தண்ணீர் இல்லாமல் குறுவை கருகியபோது, காப்பீடே இல்லாத அந்தப் பயிருக்கு எக்டேருக்கு 13,500 என்று அரசு அறிவிக்கத்தானே செய்தது? ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: சாகுபடி செய்தவன் யாரோ, அவன் பெயரைப் பட்டியலில் எழுதுங்கள். இதனால் அரசுக்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

பிரதமரின் 6,000 ரூபாய் உதவித்தொகையும் நிலம் வைத்திருப்பவருக்குத்தான். மேடையில் ஏறினால் 'உழவர் பெருமக்களே', பட்டியலுக்கு வந்தால் பட்டாதாரர். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். எங்களுக்கு அந்தக் கணக்கில் பெயர்கூட இல்லை. வயலுக்குள் இறங்காமல் ரோட்டோர வரப்பில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனால், உள்ளே நாற்று நட்டது யார் என்று எப்படித் தெரியும்? செருப்பில் சேறு படாமல் முடிந்த கணக்கெடுப்புக்கு ஒரு விருது கொடுக்கலாம்.

வேண்டாம், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அடுத்த முறை கணக்கெடுக்க வரும்போது, சாகுபடி செய்வது யார் என்று அக்கம்பக்கத்து வயல்காரர்களிடம் தயவுசெய்து விசாரியுங்கள். அந்தப் பெயரையே பட்டியலில் எழுதுங்கள். பணம் ஏறுவதற்கு முன் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டி, ஆட்சேபம் சொல்ல ஒரு வாரம் கொடுங்கள். இந்த சம்பாவில் உரிமையாளர் கணக்குக்குப் போன தொகையையும் மறு விசாரணை செய்து, உழுதவர்களுக்குக் கிடைக்க வழி செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குத்தகை விவசாயி ஒருவன்