ஆறு மாதம் பொறுக்கச் சொன்ன அந்த வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் குடும்பப் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கணவருக்கு வேறு பெண்ணோடு தொடர்பு என்று தெரிந்தால் மனைவி என்ன செய்யவேண்டும் என்பதுதான் விஷயம். அவசரப்பட்டு வழக்கறிஞரிடம் ஓடாதீர்கள், ஆறு மாதமாவது பொறுத்துப் பாருங்கள் என்று அதில் ஒரு வரி. எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. 2013-ல் என் பெரியம்மா எனக்குச் சொன்னதும் ஏறக்குறைய அதே வார்த்தைதான்.

எனக்கு விஷயம் தெரிந்தது இங்கே சிங்கப்பூரில், பஃபலோ ரோட்டுப் பூக்கடையில். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது என் கணவர்தான் மல்லிகை வாங்கி வருவார். ஒருநாள் நானே போனேன். முன்பு இரண்டு பேருமாய்ப் போயிருக்கிறோம் என்பதால் பூக்காரப் பெண்ணுக்கு என்னைத் தெரியும். "அண்ணன் எப்பவும் ரெண்டு பொட்டலமா தனித்தனியா கட்டச் சொல்வாரே, இன்னைக்கு ஒண்ணு போதுமா அக்கா?" என்றாள். எங்கள் வீட்டுக்கு எப்போதும் ஒரு பொட்டலம்தான் வரும்.

அன்று இரவே கேட்டேன். ஒத்துக்கொண்டார். சாமி படத்துக்கு முன்னால் சூடம் அணைத்து, விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்தார். மகளுக்கு அந்த வருடம் உயர்நிலைப்பள்ளி இறுதியில் வரும் ஓ நிலைத் தேர்வு. எல்லாரும் பொறு பொறு என்றார்கள். எட்டு மாதம் பொறுத்தேன். வெள்ளிக்கிழமை வந்தால் அந்தப் பூவைத் தலையில் வைக்கவும் முடியாது, குப்பையில் போடவும் மனம் வராது. சாமி படத்துக்குப் போட்டுவிடுவேன். அதற்கு மேல் முடியவில்லை.

வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி, "தெரிஞ்ச பிறகு எவ்வளவு நாள் சேர்ந்து இருந்தீங்க?" எட்டு மாதம் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். துணையின் தகாத உறவு தெரிந்த பிறகும் ஆறு மாதத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்துவிட்டால், அந்த உறவையே ஆதாரமாகக் காட்டி மணவிலக்குக் கேட்க, இங்கே திருமணத்துக்கும் மணவிலக்குக்குமான சட்டமான மாதர் சாசனம் இடம் தருவதில்லை. சமாதானமாகப் போக நினைப்பவர்கள் முயன்று பார்க்கத்தான் அந்த அவகாசம். ஆசிரியரான உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தும் அந்த வரியை எப்படி விட்டீர்கள் ஐயா?

மணவிலக்கே கிடைக்காது என்று நான் சொல்லவில்லை. எனக்குக் கிடைத்தது. "நியாயமற்ற நடத்தை" என்ற தலைப்பில், நேரம் கழித்து வந்தார், பணம் தரவில்லை, ஒரு பெண்ணோடு நெருக்கமாகப் பழகினார் என்று வரிசையாக எழுதிக் கொடுத்து வாங்கினேன். உறவில் அதில் பாதிதான் பரவியது. புருஷன் லேட்டா வந்தான்னு டைவர்ஸ் பண்ணிட்டாளாம் என்று என் காதுபடவே பேசினார்கள். வீட்டைப் பிரித்தபோது 21 வருடம் நான் சமைத்ததையும் பிள்ளை வளர்த்ததையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. என் சொந்தங்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

என் தாத்தாவுக்கு நாகப்பட்டினம் பக்கம் ஒரு குடும்பம், இங்கே தேக்காவில் ஒரு குடும்பம். அப்போது அதைத் தடுக்கச் சட்டம் இல்லை. 1961-ல் மாதர் சாசனம் வந்து, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒரே துணைதான் என்று ஆக்கியது. ஆனால் "சின்ன வீடு" என்று சொல்லிச் சிரிப்பதை இன்றைக்கும் கேட்கிறேன். ஆண் போனால் சபலம், பெண் போனால் ஓடிப்போனவள். உங்கள் பத்திரிகையும் "கள்ளக்காதல்" என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு, கீழே பெண்ணின் வயதை முதலில் எழுதுகிறது. பல வருடமாகக் கவனித்து வருகிறேன்.

2019-ல் நாத்தனார் மகள் கல்யாணம். அவரையும் அவர் புது மனைவியையும் சந்தனம் கொடுத்து முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். நான் தூக்கி வளர்த்த பிள்ளை அது. ஆரத்தித் தட்டை எடுக்கப் போனேன், "நீங்க இருங்கண்ணி" என்று ஒருத்தி கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அந்தக் கட்டுரையில் இன்னொன்று. இந்திய உச்ச நீதிமன்றமே 2018-ல் தகாத உறவைச் சரி என்று சொல்லிவிட்டதாம். அப்படியா சொன்னது? நீக்கப்பட்டது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவு. அதன்படி அடுத்தவன் மனைவியோடு உறவு வைத்த ஆணுக்கு 5 ஆண்டு வரை சிறை. அந்தப் பெண்ணின் கணவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை. ஏமாற்றப்பட்ட மனைவி தன் கணவன் மேல் வழக்குத் தொடரவும் முடியாது. மனைவியைக் கணவனின் உடைமையாக வைத்த சட்டம் அது. அங்கேயும் மணவிலக்குக்கு இது இன்னும் காரணம்தான்.

இங்கே 2024 ஜூலை 1 முதல், இருவரும் சம்மதித்தால் யார் மேலும் பழி போடாமலே மணவிலக்குக் கேட்கலாம். எனக்கு அப்போது அது இல்லை. சரி, இனி வருகிறவர்களுக்காவது ஆகட்டும்.

நான் கேட்பது நாலு வரிதான். அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் அந்த ஆறு மாத விதியைப் போடுங்கள். பொறுப்பதா வேண்டாமா என்பதை அவரவர் முடிவு செய்யட்டும், தெரிந்து செய்யட்டும்.

என் பெயரைப் போடவேண்டாம். அடுத்த மாதம் மகளுக்கு நிச்சயதார்த்தம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன்