ஒரு கொடிவழி, மூன்று குடியுரிமை நிலைகள்: எங்கள் குடும்பத்தின் நன்றி மடல்

மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கும் அன்பிற்குரிய உறவுகளுக்கும் வணக்கம்.

துறையூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 1920களில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குப் பிழைக்கப் போன ஒரு கணவன் மனைவியின் வழிவந்தவர்கள் நாங்கள். அங்கே அவர்களுக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளின் குடும்பங்களும் இன்று மூன்று நிலைகளில் இருக்கின்றன. மூத்த மகளின் வழியினர் ஹட்டன் வட்டாரத்தில் இலங்கைக் குடிமக்களாக வாழ்கிறார்கள். நடு மகனாகிய என் தாத்தாவின் வழிவந்த நாங்கள் நீலகிரி மாவட்டம் பந்தலூர்ப் பகுதியில் இந்தியக் குடிமக்களாக இருக்கிறோம். இளைய மகனின் வழியினரோ தமிழ்நாட்டின் மறுவாழ்வு முகாம் ஒன்றில், எந்த நாட்டுக் குடியுரிமையும் கையில் இல்லாமல் காலம் தள்ளுகிறார்கள். இம்மூன்று கிளையினரும் சென்ற மாதம்தான் முதன்முறையாக ஒரே கூரையின் கீழ்க் கூடினோம். அதற்கு முன்பாக எங்கள் கொடிவழியை, அதாவது வம்சாவளியை, உரிய சான்றுகளோடு ஒரே தாளில் எழுதி முடித்திருந்தோம். இவ்விரண்டும் கைகூடுவதற்குக் காரணமாயிருந்த உங்களுக்கு மூன்று வீட்டாரின் சார்பிலும் இம்மடலை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் ஒருவர் பெயரையும் குறிப்பிடவில்லை. படிக்கும்போது நீங்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மூவர் எப்படி மூன்று நிலைகளுக்கு ஆளானார்கள் என்பதைச் சொன்னால்தான் நீங்கள் செய்த உதவியின் அளவு மற்றவர்களுக்கு விளங்கும். மூவரும் ஒரே தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். ஆனால் 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அந்த மண்ணில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. எங்கள் பூட்டனார் துறையூர்ப் பக்கம் பிறந்தவர் என்பதால் பிள்ளைகள் மூவரும் ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தம், அப்படி நாடற்றுப்போனவர்கள் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும் என்று முடிவு செய்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் சேர்வது என்பதை ஒவ்வொரு வீட்டிலும் அடுப்படியில் உட்கார்ந்து பேசித் தீர்மானித்தார்கள். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் (அறைகளில்) இருந்த அக்காளும் தம்பியும் வெவ்வேறு படிவங்களை நிரப்பினார்கள்.

தாத்தாவின் தமக்கை, கணவர் வீட்டார் அங்கேயே இருக்க முடிவு செய்ததால் இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். அது அவருக்கு 1988ஆம் ஆண்டின் சிறப்புச் சட்டத்தால்தான் கிடைத்தது. தாத்தா இந்தியாவுக்கு எழுதிப்போட்டு, 1972இல் அப்பாயியையும் (அப்பாவின் அம்மாவையும்) பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கினார். சின்னத் தாத்தாவும் இந்தியாவுக்குத்தான் எழுதியிருந்தார். ஆனால் அவருக்குக் கடவுச்சீட்டு வந்து சேரவில்லை. தமிழருக்கு எதிரான 1977 வன்முறையில் வீடிழந்து மலைநாட்டை விட்டு வவுனியாவுக்குப் போனார். 1984இல் கப்பல் போக்குவரத்தும் நின்றது. 1990இல், சட்டப்படி வந்திருக்க வேண்டிய அதே கடலை அவர் படகில் கடந்து வந்தார். அண்ணன் தாயகம் திரும்பியோர் பட்டியலில் சேர்ந்தார், தம்பி அகதிகள் பட்டியலில் சேர்ந்தார். இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு ஓர் அலுவலகத்தில் கோப்பு நகர்ந்த வேகம் மட்டுமே என்பதை என் மனம் இன்றும் ஏற்க மறுக்கிறது.

இனி உங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் வணக்கம், ஹட்டன் வட்டாரத்துத் தோட்டப் பாடசாலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கு. 1983க்குப் பிறகு கடிதப் போக்குவரத்து அறுந்துபோன நிலையில், தாத்தாவின் தமக்கை வீட்டாரைத் தேட எங்களிடம் இருந்தது அப்பாயி சொல்லிச் சென்ற தோட்டத்தின் தமிழ்ப் பெயர் ஒன்றுதான். அரசுப் பதிவேடுகளில் தோட்டங்கள் ஆங்கிலப் பெயரில் இருக்கின்றன. மக்கள் வழங்கும் பெயரோ முற்றிலும் வேறு. ஒரே தமிழ்ப் பெயர் இரண்டு மூன்று தோட்டங்களுக்கு இருப்பதும் உண்டு. ஐயா அவர்கள் முதியவர்கள் பலரைக் கேட்டு, எந்தத் தோட்டம், அதில் மேல் பிரிவா கீழ் பிரிவா, எந்த லயம் என்பது வரை நிறுவினார். அந்த லயத்தில் அத்தை ஒருவரைக் கண்டுபிடித்து, எங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லி அடையாளம் கேட்டபோது, அவர் என் அப்பாவின் சிறுவயதுத் தழும்பு எந்தக் காலில் இருக்கிறது என்பதைச் சொல்லியிருக்கிறார். ஐயா, அந்தத் தகவலை எங்களுக்குத் தொலைபேசியில் சொன்ன அன்று எங்கள் வீட்டில் ஒருவரும் உண்ணவில்லை, பேசி மாளவில்லை. அத்தை வீட்டில் பத்திரமாக வைத்திருந்த தகரத் துண்டையும் நீங்கள்தான் படமெடுத்து அனுப்பினீர்கள். தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த அந்தத் துண்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் பூட்டனார், இலங்கை செல்லும் தொழிலாளர்களைத் தங்கவைத்த மண்டபம் ஊர் முகாமைத் தாண்டியிருக்கிறார்.

அடுத்து, நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகம் ஒன்றில் பணிபுரியும் சிங்கள அலுவலர் அம்மையாருக்கு. சின்னத் தாத்தாவின் பிறப்புப் பதிவு இல்லாமல் அவருடைய பிள்ளைகளின் மனுவுக்கு அடித்தளமே இல்லை. பெயர் ஓரெழுத்து மாறியிருந்தாலும் "பதிவு இல்லை" என்று எழுதிக் கொடுப்பது எந்த எழுத்தருக்கும் எளிது, முறையும்கூட. தாங்கள் அப்படிச் செய்யாமல், தந்தையின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் கொண்டு பழைய ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, மூன்று பிள்ளைகளின் பதிவுகளையும் எடுத்துத் தந்தீர்கள். மூன்று சான்றிதழ்களிலும் பெற்றோரின் பெயர்கள் ஒன்றாக இருப்பதைத் தாங்களே சுட்டிக்காட்டி, "இவர்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தானே" என்று தமிழில் கேட்டீர்களாம். எங்களைப் போல் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழரின் வரலாற்றில் சிங்களச் சட்டமியற்றுவோரின் பெயர்கள் வருத்தத்தோடு சொல்லப்படுகின்றன. அதே வரலாற்றில் தங்களைப் போன்றவர்களுக்கும் இடம் உண்டு என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்போம். அந்தச் சான்றிதழ்களை மொழிபெயர்த்துக் கொடுத்த இளைஞர்களுக்கும் எங்கள் நன்றி.

துறையூர்ப் பக்கத்து எங்கள் பூர்வீக ஊராருக்கு நான் எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் போனவரின் பேரப்பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு யாரோ சிலர் வந்து நின்றால், நிலத்தில் பங்கு கேட்டு வந்தார்களோ என்று ஐயப்படுவது இயல்பு. நீங்கள் முதலில் திண்ணையில் உட்காரச் சொன்னீர்கள், பிறகுதான் விவரம் கேட்டீர்கள். குலதெய்வக் கோயிலின் பழைய தலைக்கட்டு வரி நோட்டை, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் கோயில் வரியின் கணக்கை, பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டிய பெரியவரை நாங்கள் ஆயுளுக்கும் மறக்க மாட்டோம். அதில் எங்கள் பூட்டனாரின் பெயருக்கு நேரே, வரித் தொகைக்குப் பதிலாக, "சிலோன் போயிருக்கிறார்" என்று எழுதியிருந்தது. அவர் பெயரை அடித்துவிடாமல், ஒவ்வொரு நோட்டிலும் அப்படியே பெயர்த்து எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இலங்கையில் இந்தியத் தமிழர் என்றும், நீலகிரியில் சிலோன்காரர் என்றும் அழைக்கப்பட்டே வளர்ந்த எங்களுக்கு, நாங்கள் வெளியே போனவர்களே தவிர விலகிப்போனவர்கள் அல்லர் என்று எழுத்தில் கண்டது அன்றுதான். இந்த ஆண்டுத் திருவிழாவுக்குத் தாத்தா வழியையும் சின்னத் தாத்தா வழியையும் இரண்டு தலைக்கட்டாகச் சேர்த்துக்கொண்டீர்கள். மகள் வழியினருக்குத் தலைக்கட்டு எழுதுவது வழக்கமில்லை என்று ஒருவர் எடுத்துச் சொன்னபோது, அது வழக்கம் பற்றிய நியாயமான பேச்சாகவே இருந்தது. இருந்தாலும், கடல் கடந்து வந்திருக்கும் பெண்ணின் பிள்ளைகளைக் கோயில் வாசலில் வேற்றாராக நிறுத்தக் கூடாது என்று மூத்த பெண்கள் வற்புறுத்தி, தமக்கையின் பெயரையும் பிறந்த வீட்டு உரிமை என்று குறித்துச் சேர்க்க வைத்தார்கள். ஹட்டனிலிருந்து வந்திருந்த அத்தை அதைக் கேட்டு அழுததை நீங்களே பார்த்தீர்கள். பழைய நோட்டின் அந்தப் பக்கத்துக்குச் சான்றொப்பம் வாங்க வழிகாட்டிய கிராம நிர்வாக அலுவலருக்கும் எங்கள் வணக்கம்.

பந்தலூர்ப் பக்கம் எங்களோடு வளர்ந்த குடும்பங்களுக்கு இம்மடலில் தனியாக நன்றி சொல்வது அவர்களுக்கே அந்நியமாகத் தோன்றலாம். ஆயினும் சொல்ல வேண்டும். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் தொடங்கப்பட்டுப் பின்னர் டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) நிறுவனமான அரசுத் தேயிலைத் திட்டத்தில்தான் எங்கள் தாத்தாவும் அப்பாயியும் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் (செடிகளைக் கத்தரித்தும்) எங்களை ஆளாக்கினார்கள். அந்நாளில் எழுதப்படிக்கத் தெரியாத குடும்பங்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்த தொழிற்சங்கப் பெரியவர், தாத்தாவின் குடும்ப அட்டையின் நகலைத் தம்மிடமும் ஒன்று வைத்திருந்தார். எங்களிடமிருந்த மூலம் மழையில் நனைந்து எழுத்தழிந்துபோன நிலையில் அந்த நகல்தான் கை கொடுத்தது.

முகாமில் வாழும் சின்னத் தாத்தா குடும்பத்தாருக்காக ஊதியம் எதுவும் பெறாமல் மனு வரைந்த வழக்கறிஞருக்கு என்ன சொல்லி நன்றி கூறுவது என்று தெரியவில்லை. முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், பெற்றோர் அனுமதிச் சீட்டின்றிப் படகில் வந்தவர்கள் என்ற காரணத்தால், இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதமாகக் குடியேறியவரின் பிள்ளைகளாகவே நிற்கிறார்கள். இந்தியாவில் 2019இல் கொண்டுவரப்பட்ட குடியுரிமைத் திருத்தச் சட்டம் வழி திறந்த நாடுகளிலும் இலங்கை சேர்க்கப்படவில்லை. இலங்கை தன் சட்டத்தை 2009இல் திருத்தி, இந்தியாவுக்கு வந்துவிட்ட மலையகத்தாருக்கும் வழி திறந்தது உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்து, இங்கேயே மணமுடித்து, அந்த நாட்டைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகளை அங்கே போ என்பது, 1964இல் எங்கள் பெரியவர்களுக்குச் செய்ததை மறுமுறை செய்வதாகும் என்பது என் கருத்து. மலையக வழிவந்தவர்களை வெறும் அகதிகளாகக் கருதக் கூடாது, அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன் அளித்த தீர்ப்பைச் சுட்டி, கொடிவழித் தாளையும் சான்றுகளையும் இணைத்து நீங்கள் மனுவை அனுப்பியிருக்கிறீர்கள். அதற்கு இன்னும் முடிவு வரவில்லை. வரும் வரைக்கும், வந்த பின்னும், எங்கள் நன்றிக் கடன் குறையாது.

குடும்பக் கூட்டத்தை முகாமுக்கு அருகிலேயே நடத்த மண்டபம் கொடுத்தவருக்கும், வெளியே தங்க அனுமதி கிடைக்காதவர்கள் மாலைக்குள் திரும்ப வண்டி ஏற்பாடு செய்த இளைஞர்களுக்கும், திருச்சி விமான நிலையத்தில் ஹட்டன் உறவுகளை வரவேற்று அழைத்து வந்த நண்பர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

கொடிவழித் தாளின் படிகள் இப்போது நான்கு இடங்களில் இருக்கின்றன: ஹட்டனில் ஆசிரியர் ஐயாவிடம், துறையூர்ப் பக்கத்தில் கோயில் நோட்டோடு, பந்தலூரில் எங்கள் வீட்டில், வழக்கறிஞரின் கோப்பில். எங்களைப் போலவே தோட்டத்தின் தமிழ்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உறவுகளைத் தேடும் குடும்பங்கள் பல இருப்பதை இந்த முயற்சியின்போது அறிந்தோம். தோட்டப் பெயர்களைப் பதிவேட்டுப் பெயர்களோடு பொருத்திப் பார்க்கும் வேலையில் உதவ ஆசிரியர் ஐயா இசைந்திருக்கிறார். ஊர்ப் பெயர் தெரிந்தவர்களுக்குத் துறையூர், முசிறி, நாமக்கல் பகுதிகளில் கோயில் நோட்டுகளைத் தேடிப் பார்க்க எங்கள் தம்பிமார்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே தோட்டத்தின் பெயர், பிரிவு, பெரிய கங்காணியின் (ஆள் சேர்த்து வேலை வாங்கிய மேற்பார்வையாளரின்) பெயர், பூர்வீக ஊர், குலதெய்வம் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள்.

மாறா நன்றியுடன்,
மூன்று கிளைகளின் சார்பில்,
நடு மகன் வழிப் பேத்தி,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்.